தமிழ்ப் பதிப்பு உபரிப் படி அன்று: அரசு வெளியீடுகளைக் கழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. சங்கக் கட்டடம் புதுப்பிக்கப்படவிருக்கிறது. நூலக அறையின் எஃகு அலமாரிகளில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் அன்பளிப்பாகத் தந்த அரசு வெளியீடுகள் ஏறத்தாழ 640 இருக்கின்றன. ஆண்டறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள், அரசிதழ்க் கட்டுகள், நாடாளுமன்ற விவாத அறிக்கைகள், தமிழில் வந்த விளக்க ஏடுகள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன; தட்டச்சுத் தாள்கள் அடங்கிய சில கோப்புகளும் உண்டு. எட்டு வாரத்தில் அறையைக் காலி செய்தாக வேண்டும். “எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, பழைய பேப்பர்காரரை அழைத்துவிடலாமே” என்று செயற்குழுவில் சிலர் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எப்படிக் கழிப்பது?

ஐயா, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகப் பணியில் இருந்தவன். அதில் பெரும்பகுதியை அரசு வெளியீடுகளோடு கழித்தவன். உங்கள் 640இல் பெரும்பகுதியை நீங்கள் மனச்சான்று உறுத்தாமல் கழிக்கலாம். ஆனால் செயற்குழு முதலில் கழிக்க நினைக்கும் பொருள்களுக்குள்தான் காப்பாற்ற வேண்டியவை இருக்கின்றன. தோல் முதுகும் பொன்னெழுத்தும் கொண்ட தடித்த தொகுதிகளைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிப்போட மனம் வராது. அவை பெரும்பாலும் வேறு பல இடங்களிலும் இருப்பவை. இரண்டு கம்பி முள் குத்திய எட்டுப் பக்கத் தமிழ் ஏட்டைக் கழிப்பதற்கோ யாரும் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை. அதன் இன்னொரு படி எங்கும் இல்லாமலிருக்க வாய்ப்புண்டு.

எதையும் பிரிப்பதற்கு முன் அந்தக் கோப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். அரசு வெளியீடு வேறு, அரசுக் கோப்பு வேறு. வெளியீடு என்பது பலர் படிப்பதற்காகப் பல படிகளாக அச்சிட்டுப் பரப்பப்பட்டது. கோப்பு என்பது ஓர் அலுவலகம் தன் வேலையின் போக்கில் உண்டாக்கிய ஒரே ஒரு பொருள். கடிதத்தின் நகல், மேலதிகாரியின் பச்சை மைக் குறிப்பு, அதற்குக் கீழே எழுதப்பட்ட பதில் என்று அடுக்கடுக்காக வளர்ந்தது. சிங்கப்பூரில் பொது ஆவணங்களை உரிய அனுமதியின்றி அழிக்கக் கூடாது என்பது தேசிய நூலக வாரியச் சட்டத்திலேயே இருக்கிறது. 1968இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் 2012 நவம்பர் முதல் அந்த வாரியத்தின் கீழ் இயங்குகிறது. ஓய்வுபெற்றவர் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டதால் ஒரு கோப்பு அவருடைய சொத்தாகிவிடாது. அவர் உங்களுக்குக் கொடுத்ததால் உங்களுடையதாகவும் ஆகிவிடாது. ஆகவே அந்தக் கோப்புகளை நீங்களே தரம் பிரிக்க வேண்டாம். தாள்களின் வரிசையைக் கலைக்காமல், துருப்பிடித்த முள்ளைப் பிடுங்காமல், ஒரு பெட்டியில் வைத்து, கெனிங் ரைஸில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஏதாவது தாளில் “இரகசியம்” என்ற முத்திரை இருந்தால் அதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. அதிகாரத்துவ இரகசியச் சட்டத்துக்குக் கால வரம்பு கிடையாது என்று வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

இனி அச்சிட்ட வெளியீடுகளுக்கு வருவோம். நாட்டில் வெளியாகும் நூல்களை ஓரிடத்தில் சேர்த்துக் காப்பது யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இருந்தால், மற்ற நூலகங்கள் துணிவோடு கழிக்கலாம். சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு தேசிய நூலகத்துடையது. அச்சு நூலை வெளியிடுவோர் நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். 2019 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த திருத்தம் மின்வடிவ வெளியீடுகளையும் சிங்கப்பூர் முகவரி கொண்ட இணையத்தளங்களையும் அந்த வலைக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு நூலகங்களுக்கு நூல்கள் போய்ச் சேர வேண்டும். அவற்றுள் ஒன்று சென்னை கன்னிமாரா நூலகம். அமெரிக்காவில் அமைப்பு வேறு விதம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கூட்டாட்சி அரசின் வெளியீடுகள் விலையின்றிப் போகின்றன. ஆனால் அவை அரசின் உடைமையாகவே நீடிக்கின்றன. 1962ஆம் ஆண்டுச் சட்டம் வட்டார நூலகங்கள் என்று சிலவற்றை ஏற்படுத்தி, எல்லாவற்றையும் நிலையாக வைத்திருக்கும் கடமையை அவற்றின் தலையில் சுமத்தியது. மற்ற நூலகங்கள் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருந்த பிறகு, தங்கள் வட்டார நூலகத்தின் அனுமதியோடு, வேண்டுவோருக்கு முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கழிக்கலாம். இந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான்: அனுமதி, அடுத்துக் கொடை, கடைசியில்தான் குப்பை.

உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின்படியும் ஒப்படைப்பு நூலகம் ஆகாது. அதனால் கழிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்பளிப்பு தந்தவர் ஏதேனும் நிபந்தனை விதித்தாரா என்பதை மட்டும் பழைய கூட்டக் குறிப்பேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அவருடைய குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் போடுவதும் முறை.

நூலகர்கள் நூல்களைக் களைவதற்கு டெக்சாஸ் மாநில நூலகம் பரப்பிய ஆறு அளவுகோல்களை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். தவறான தகவல் தருவது, சிதைந்து போனது, புதுப்பதிப்பால் காலாவதியானது, அற்பமானது, நூலகத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாதது, வேறிடத்தில் எளிதில் கிடைப்பது ஆகிய ஆறில் ஒன்று பொருந்தினாலும் நூலை எடுத்துவிடலாம் என்பார்கள். சமையல் நூலுக்கும் கணினி வழிகாட்டிக்கும் இது மிக நன்றாக வேலை செய்யும். அரசு வெளியீட்டில் இதை அப்படியே வைத்துப் பார்த்தால் விபரீதமாகிவிடும். காலாவதியாவதுதான் அரசு வெளியீட்டின் இயல்பே. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1970இல் காலாவதியாகிவிட்டது, ஆனால் 1957இல் இந்தத் தீவில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அறிய அதை விட்டால் வேறு வழியில்லை. அற்பம் என்பதும் அப்படித்தான். கொசு ஒழிப்பு பற்றிய நாற்பக்கத் தாள் வெளியான ஆண்டில் அற்பம். ஐம்பதாண்டு கழித்துப் பொதுச் சுகாதார வரலாறு எழுதுபவருக்கு அதுவே சான்று.

காலாவதி விஷயத்தில் ஓர் உண்மையான ஆபத்தும் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சங்க நூலகத்துக்கு வருபவர்களில் பலர் முதியவர்கள். மத்திய சேம நிதி பற்றிய பதினைந்தாண்டுப் பழைய தமிழ்க் கையேட்டைத் திறந்த அலமாரியில் பார்த்து, அதில் சொல்லியிருக்கும் வயதையும் தொகையையும் நம்பி ஒருவர் தம் சேமிப்பைத் திட்டமிட்டுவிட்டால், அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. சட்ட நூல்களும் அவ்வாறே. 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 அன்று நடப்புக்கு வந்தபோது சட்டங்களுக்கு இருந்த பழைய அத்தியாய எண்களே போய்விட்டன; 1985 பதிப்பின் தனித்தாள் கட்டுகளை இன்றைய சட்டமென்று ஒருவர் படித்தால் வழி தவறிப்போவார். ஆகவே இவ்வகை நூல்களைப் பொது அலமாரியிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் பொது அலமாரியிலிருந்து எடுப்பது ஒரு முடிவு, நூலகத்திலிருந்தே நீக்குவது இன்னொரு முடிவு. பழைய சேம நிதிக் கையேட்டின் தமிழ்ப் பதிப்பை, “இது இன்ன ஆண்டு நிலவரம்” என்று அட்டையில் ஒரு சீட்டு ஒட்டிப் பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள். தனித்தாள் சட்டக் கட்டுகளைக் கழித்துவிடலாம். இன்றைய சட்டங்கள் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. யாரோ ஒருவர் பழைய தாளை எடுத்துப் புதிய தாளைச் செருகிச் செருகி வந்த கட்டு, எந்த ஒரு தேதிக்கும் உரிய முழுமையான சட்டமாக இருப்பது அரிது.

நாடாளுமன்ற விவாத அறிக்கைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1955 முதலான விவாதங்களை நாடாளுமன்றத்தின் தளத்திலேயே தேடிப் படிக்கலாம். அச்சுத் தொகுதிகளும் பெரிய நூலகங்களில் உண்டு. ஓரத்தில் கையெழுத்துக் குறிப்பு உள்ள தொகுதிகளை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

இனி, அட்டையைப் பார்த்து ஏமாறும் இடங்கள் சில உண்டு. “மலாயா” என்று முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்ததும், இது வேறு நாட்டு நூல் என்று தள்ளிவைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கை மலாயாக் கூட்டரசையும் சிங்கப்பூர்க் குடியேற்ற நாட்டையும் சேர்த்தே வெளியிடப்பட்டது. சிங்கப்பூர் எண்கள் அதற்குள்தான் இருக்கின்றன. 1921, 1931 ஆண்டுகளின் அறிக்கைகளும் பிரிட்டிஷ் மலாயா முழுமைக்கும் ஆனவை. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை நாம் மலேசியாவின் பகுதியாக இருந்தோம். அந்தக் காலத்துக் கூட்டரசு வெளியீடுகள் கோலாலம்பூரில் அச்சானவை என்றாலும் நம்மை ஆண்ட அரசின் வெளியீடுகளே.

“இந்திய அரசு” என்று போட்ட நூலுக்கும் இதே கதி நேரும். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்துகொண்டு, இங்கிருந்த இந்தியத் தொழிலாளர்களின் கூலி, குடியிருப்பு, நோய், தோட்டப் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அவை இந்தியாவில் அச்சாகின. பார்ப்பதற்கு மங்கிய அட்டைபோட்ட மெல்லிய ஏடுகள். நம் பாட்டன் பூட்டன் வாங்கிய நாள் கூலி எத்தனை காசு என்பதைத் தோட்டத் துரையின் கணக்கிலிருந்து அறிவதும், அந்த முகவரின் அறிக்கையிலிருந்து அறிவதும் ஒன்றாகாது. உங்கள் அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், அது எந்த நிலையில் இருந்தாலும், அட்டை போயிருந்தாலும், கழிக்காதீர்கள்.

தொடர் வெளியீடுகளில் 1942 முதல் 1945 வரை இடைவெளி தெரிந்தால் அதைத் தொலைந்த பகுதியென்று எண்ணித் தேட வேண்டாம். ஜப்பானிய ஆட்சியில் பிரிட்டிஷ் அரசிதழ் வரவில்லை. சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயர்) நிர்வாகம் தன் பெயரில் அரசிதழ் வெளியிட்டது. அந்த இதழ்களில் ஒன்று தற்செயலாக உங்களிடம் இருந்தால் அது அரிய பொருள்.

இப்போது தமிழ்ப் பதிப்புகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இவற்றை ஒரே சொல்லில் “விளக்க ஏடுகள்” என்று கடந்து சென்றிருக்கிறீர்கள். நான் இங்கேதான் நிற்க விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதனால் மறுகுடியமர்வு, குடும்பக் கட்டுப்பாடு, தேசிய சேவை, காசநோய்த் தடுப்பு, பள்ளிச் சேர்க்கை என்று அரசு மக்களிடம் பேச வேண்டியிருந்த போதெல்லாம் தமிழிலும் பேசியது. அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் இந்த ஏடுகள். அரசு ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது. இந்த ஏடு கம்பத்திலும் (பழைய கிராமக் குடியிருப்பு) துறைமுகக் குடியிருப்பிலும் வாழ்ந்த ஒரு தமிழருக்காக எழுதப்பட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநிதி (மத்திய சேம நிதி), குழுத்தொகுதி (பலர் குழுவாகப் போட்டியிடும் தேர்தல் தொகுதி), கூட்டுரிமை வீடு (தனியார் அடுக்குமாடி வீடு), சமூக மன்றம் என்று இன்று நாம் பேச்சிலும் எழுத்திலும் இயல்பாகப் புழங்கும் சொற்கள் தமிழ்நாட்டுத் தமிழருக்குப் புரிவதில்லை. இவை இந்த மண்ணில் பிறந்தவை. ஒரு சொல் வழக்குக்கு வருவதற்கு முன் எந்தெந்தச் சொற்களை முயன்று பார்த்தார்கள், எதை மக்கள் ஏற்றார்கள், எது உதிர்ந்தது என்பதை இந்த ஏடுகளையும் பழைய தமிழ் முரசு நாளிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலப் பதிப்பு எத்தனை படிகள் இருந்தாலும் இதற்கு உதவாது.

ஆனால் நூலகப் பதிவேட்டில் என்ன நடக்கிறது? ஒரே தலைப்பு, ஒரே துறை, ஒரே ஆண்டு. ஆங்கிலப் பதிப்பு முதல் படி, தமிழ்ப் பதிப்பு இரண்டாம் படி. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் பதிவு செய்தால் இப்படித்தான் எழுதுவார். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு நூலகத்தில் இடநெருக்கடி காரணமாக உபரிப் படிகளைக் கழிக்கச் சொன்னார்கள். தலைப்புக்கு ஒரு படி என்பது விதி. மறுகுடியமர்வு பற்றிய ஓர் ஏடு பதிவேட்டில் இரண்டு படி என்றிருந்தது. அலமாரியில் பார்த்தபோது ஒன்று ஆங்கிலம், மற்றது தமிழ் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், விதி விதிதான் என்று, தமிழ் ஏட்டின் அட்டையில் கழிவு முத்திரையை நானே குத்தினேன். பதினோராண்டு கழித்து இளம் ஆய்வாளர் ஒருவர் வந்தார். கம்பத்தைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகும்படி அரசு தமிழ் மக்களிடம் எந்தச் சொற்களில் கேட்டது என்பதே அவருடைய ஆய்வு. நான் அவரிடம் ஆங்கில ஏட்டை மட்டுமே எடுத்துக் கொடுக்க முடிந்தது. எட்டுப் பக்கம், மஞ்சளேறிய அட்டை, அதில் கோட்டோவியமாக ஓர் அடுக்குமாடிக் கட்டடம், கடைசிப் பக்கத்தில் கிழித்துக் கொடுப்பதற்கான ஒப்புகைச் சீட்டு. தமிழ் ஏட்டில் இவை எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அவர் கேட்ட அந்தச் சொல் மட்டும் நினைவில் இல்லை. மற்ற நூலகங்களில் தேடினோம், கிடைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: மொழி வேறானால் நூல் வேறு. நான்கு மொழியில் வந்தது நான்கு நூல். நான்கு மொழிகளையும் ஒரே தாளில் அச்சிட்டிருந்தால் அதையும் தனி நூலாகக் கொள்ளுங்கள். தமிழ்ப் பதிப்பு எதையும் தேசிய நூலகப் பட்டியலில் தமிழ்த் தலைப்பாலும் ஆங்கிலத் தலைப்பாலும் துறையின் பெயராலும் தேடிப் பார்த்து, அங்கே தமிழ்ப் பதிப்பே இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கழிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலில் மொழி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐயம் இருந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியான் நூலகத்தின் தமிழ்ப் பிரிவு ஊழியர்களைக் கேளுங்கள். அட்டையையும் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினால் அவர்களுக்குப் பார்த்துச் சொல்ல எளிது.

“எல்லாம் இணையத்தில் இருக்கிறது” என்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தேசிய நூலகம் 2006 முதல் இணையத்தளங்களைச் சேமித்து வருகிறது. பழைய நாளிதழ்களை மின்வடிவில் தந்திருக்கிறது. ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் ஏராளம் உண்டு. ஆனால் ஒரு துறை தன் தளத்தை மாற்றியமைக்கும்போது முதலில் காணாமல் போவது பழைய அறிக்கைகளும் சிறு ஏடுகளும்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2006இல் தன் வட்டார நூலகங்கள் சிலவற்றை மூடி, வேண்டியவற்றை மின்வடிவில் தருவோம் என்றது. எதிர்ப்பு வலுத்து, 2008இல் அவற்றைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. மின்வடிவாக்கம் முடியும் முன்னே அலமாரியைக் காலி செய்ததுதான் அங்கே நடந்த பிழை.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோட் பரவுவதற்கு முன் வந்த தமிழ்க் கோப்புகள் அந்தந்த எழுத்துருவின் குறியேற்றத்தில் இருக்கின்றன. தமிழ் இணைய மாநாடுகளுக்கு வித்திட்ட 1997ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்ததே நம் சிங்கப்பூரில்தான், தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அன்றே இந்தக் குறியேற்றக் குழப்பத்தோடு மல்லுக்கட்டினார்கள். அந்தக் காலத்து மின்கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியலாம். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வந்து விழும். தேடினால் கிடைக்காது. அறுபதுகளின் ஏடுகளிலோ, லை, ணை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் அவற்றில் தடுக்கி விழுகிறது. ஆகவே “மின்வடிவில் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், திறந்து, பக்கம் பக்கமாக அச்சுப் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். பின்னட்டைப் பையிலிருந்த வரைபடம் வந்திருக்காது. பிழைதிருத்தச் சீட்டு விடுபட்டிருக்கும்.

கணக்கெடுப்பு அறிக்கைகளிலும் இது முக்கியம். வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு என்ற எண்களை யாரும் இணையத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் அந்த எண் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களுக்கானது என்பதும், 2000 முதல் கணக்கெடுப்பு பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு நடக்கிறது என்பதும், மொழி போன்ற விவரங்கள் மாதிரிக் குடும்பங்களிடம் மட்டும் கேட்டுப் பெறப்பட்டவை என்பதும் அறிக்கையின் விளக்கப் பகுதியில்தான் இருக்கும். பழைய அறிக்கைகளில் இந்தியர் யார், தமிழர் யார் என்ற வகைப்பாடே அறிக்கைக்கு அறிக்கை மாறும். ஆகவே கணக்கெடுப்புத் தொகுதிகளில் முன்னுரையும் வினாத்தாள் பின்னிணைப்பும் உள்ள படி எதுவோ அதைத்தான் நல்ல படியென்று கொள்ள வேண்டும். அட்டை பளபளப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

தாளின் நிலைமை பற்றிச் சுருக்கமாக: நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் கரையானும் தவிர்க்க முடியாதவை. பூஞ்சை பிடித்ததை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த நூலுக்கு இன்னொரு படி இருப்பது உறுதியானால் பூஞ்சை பிடித்த படியை முதலில் கழித்துவிடுங்கள். ஒரே படியென்று தெரிந்தால், நீங்களே துடைத்துச் சுத்தம் செய்ய முயலாமல், உறையிலிட்டுத் தனியே வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அறிக்கையோடு குறுவட்டு வந்திருந்தால் அதை இப்போதே கணினியில் போட்டுப் பார்த்து நகலெடுத்துவிடுங்கள்.

கழிக்கும் முறைக்கு வருவோம். 2025 மே மாதத்தில் இங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நூலகத்தின் நூல்கள் பைகளில் அள்ளப்பட்டு மறுசுழற்சிக்குப் போனபோது எழுந்த கோபம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ 500 நூல்கள்தான். நூலகங்கள் நூல்களைக் கழிக்கும் என்பது மக்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் மாணவர்களின் ஆற்றாமை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். உங்கள் சங்கத்திலும் உறுப்பினர்கள் அப்படிக் கேட்கும் நிலை வரக் கூடாது. கழிவுப் பட்டியலைச் சங்க அறிவிப்புப் பலகையிலும் உறுப்பினர் குழுக்களிலும் மூன்று வாரம் வையுங்கள். முதல் வாரம் தேசிய நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் முன்னுரிமை. இரண்டாம் வாரம் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் மற்றத் தமிழ் அமைப்புகளுக்கும். மூன்றாம் வாரம் தனிப்பட்ட உறுப்பினர்களுக்கு. தமிழ்நாட்டு அரசு வெளியீடுகள் ஏதேனும் இருந்தால் சென்னையில் உள்ள ஆய்வு நூலகங்களுக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். கப்பல் செலவை யார் ஏற்பது என்று பேசாமல் அனுப்பிவிடாதீர்கள். பெறுபவர் கேட்காமல் அனுப்பும் பெட்டி, நம் குப்பையை அவர் வாசலில் கொட்டுவது போலத்தான்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: தலைப்பு, துறை, ஆண்டு, மொழி, நிலைமை, கழிக்கும் காரணம், எங்கே போனது, முடிவெடுத்த இருவரின் கையொப்பம். இருவர் என்பது முக்கியம், அவர்களில் ஒருவராவது தமிழ் நன்கு படிப்பவராக இருக்க வேண்டும். தனி ஒருவர் மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போய் எடுக்கும் முடிவுகள் எப்படி இருக்கும் என்பதை நான் என் கையாலேயே கண்டிருக்கிறேன். கழித்த நூலின் சங்க முத்திரைக்குக் குறுக்கே “கழிக்கப்பட்டது” என்று தேதியோடு முத்திரை குத்துங்கள். இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடையில் அதைப் பார்க்கும் உறுப்பினர் திருடுபோனதென்று நினைப்பார். அடையாள அட்டை எண்ணும் முகவரியும் உள்ள உறுப்பினர் படிவங்கள், பழைய சுற்றறிக்கைகள் போன்றவை நூல்களுக்கிடையே செருகப்பட்டிருந்தால் அவற்றை வெட்டும் பொறியில் போட்டுவிட வேண்டும். பழைய பொருள் வாங்கும் காருங் குனிக்காரரின் வண்டிக்கு அவை போகக் கூடாது.

எட்டு வாரம் போதுமா என்று கேட்பீர்கள். போதும். பட்டியலில் தேடிப் பார்த்து ஒரு வரி எழுத இருவர் சேர்ந்தால் நூலுக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரு மணிக்கு இருபது நூல். 640 நூலுக்கு 32 மணி நேரம். இரண்டு இணைகள் சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு சனிக்கிழமையில் முடிந்துவிடும். அடுத்த மூன்று வாரம் பட்டியலை வெளியே வைப்பதற்கு. கடைசி வாரம் எடுத்துச் செல்வதற்கும் எஞ்சியதை மறுசுழற்சிக்கு அனுப்புவதற்கும். முதல் சனிக்கிழமையன்று தடித்த தொகுதிகளைத் தொட வேண்டாம். மெல்லிய ஏடுகள் இருக்கும் தட்டிலிருந்து தொடங்குங்கள். கண்ணும் பொறுமையும் புதிதாக இருக்கும்போதே தமிழ் ஏடுகளைப் பார்த்து முடித்துவிடலாம்.

தமிழ் ஏடுகளின் பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். மறுகுடியமர்வு பற்றி எட்டுப் பக்கத்தில், அட்டையில் அடுக்குமாடி ஓவியத்தோடு ஏதேனும் இருந்தால், பட்டியல் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.